ஹீட்டரின் டிஸ்ப்ளே மங்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வீடு குளச்சல் பக்கம், கடலுக்குக் கிட்டே. தம்பி சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்த எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர். சக்கரம் வைத்தது, முன்னால் எண் காட்டும் டிஸ்ப்ளே, கூடவே ரிமோட். மழைக்காலத்தில் அம்மாவின் மூட்டு வலிக்காக ராத்திரி கொஞ்ச நேரம் போடுவார்கள். இப்போது எண்கள் அரைகுறையாகத் தெரிகின்றன. சூடு ஏறத் தொடங்கியதும் டிஸ்ப்ளே மங்கிவிடுகிறது, உள்ளே 'டக் டக்' என்று சத்தம், ரிமோட்டும் சில நேரம் எடுப்பதில்லை. கடையில் கேட்டதற்கு, "டிஸ்ப்ளே போயிட்டு, இதுக்கு இங்க ஸ்பேர் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். சூடு வருகிறதே, டிஸ்ப்ளே இல்லாமலே ஓட்டலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்ட வேண்டாம். சரிபார்க்கும் வரை பிளக்கைக் கழற்றியே வையுங்கள். டிவியிலோ வாஷிங் மெஷினிலோ டிஸ்ப்ளே மங்கினால் கண்ணுக்குத்தான் தொல்லை. உங்கள் ஹீட்டரில் டிஸ்ப்ளே மங்குவதும் அந்த 'டக் டக்' சத்தமும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். அந்தச் சத்தம்தான் ஆபத்தானது.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் டிஸ்ப்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு. டிஸ்ப்ளேக்கும் ரிலேக்கும் (சூட்டுக் காயிலை ஆன், ஆஃப் செய்கிற மின் ஸ்விட்ச்) கரண்ட் கொடுக்கிற சின்ன பவர் சப்ளை சோர்ந்துபோயிருக்கிறது. 'சூடு ஏறத் தொடங்கியதும் மங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. எல்இடி உண்மையிலேயே செத்திருந்தால் ஹீட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இந்த வகை ஹீட்டர்களில் நிறைய மாடல்களின் கன்ட்ரோல் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. 230 வோல்ட் கரண்ட் ஒரு பெட்டி வடிவக் கெப்பாசிட்டர் வழியாக வரும். மஞ்சள், சாம்பல், நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். மேலே 'எக்ஸ்2' என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சடித்திருப்பார்கள். எவ்வளவு கரண்ட் உள்ளே போகலாம் என்பதை அந்தக் கெப்பாசிட்டரின் அளவுதான் தீர்மானிக்கிறது. 0.47 மைக்ரோ ஃபாரட் என்றால் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் லைனில் சுமார் 34 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டையோடு, வோல்டேஜை ஏறவிடாமல் பிடிக்கிற ஜீனர், ஒரு உருளைக் கெப்பாசிட்டர் ஆகியவற்றைத் தாண்டி வருகிற கரண்டில்தான் டிஸ்ப்ளே, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கண், மூளையான ஐசி, ரிலேயின் காயில் எல்லாமே பிழைக்க வேண்டும்.

இதில் பெருந்தீனிக்காரன் ரிலே. 24 வோல்ட் காயில் உள்ள சாதாரண ரிலே ஒன்று 15 மில்லி ஆம்பியர் போல இழுக்கும், 12 வோல்ட் என்றால் 30 வரை. இரண்டு சூட்டு நிலை உள்ள ஹீட்டரில் இரண்டு ரிலே இருக்கும். ஹீட் போடாதபோது ரிலே தூங்குகிறது, டிஸ்ப்ளே பளிச்சென்று இருக்கும். ஹீட் போட்டதும் ரிலே தன் பங்கை இழுக்கும், மிச்சம் பத்தாமல் டிஸ்ப்ளே மங்கும். வீட்டில் யாரோ கீழே குழாயைத் திறந்ததும் மாடிக் குழாயில் தண்ணீர் மெலிகிற கதைதான். சப்ளை இன்னும் சோர்ந்தால் ரிலேயைப் பிடித்து வைக்கக்கூட வலு இருக்காது, விட்டுவிடும். விட்டதும் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். அந்த 'டக் டக்' இதுதான். ரிமோட்டின் கண்ணும் இதே சப்ளையில் ஓடுவதால் அதுவும் நடுநடுவே குருடாகிறது. ரிமோட்டில் பேட்டரி மாற்றிப் பார்த்திருப்பீர்கள். போன் கேமரா முன்னால் ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். முனையில் உள்ள பல்பு மினுங்கினால் ரிமோட்டில் குற்றமில்லை. சில போன்களின் பின்பக்கக் கேமராவில் தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

இப்போது ஆபத்து எங்கே என்று பார்க்கலாம். 2000 வாட் ஹீட்டர் நம் லைனில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 2500 வாட் என்றால் 11-க்குப் பக்கம். அந்த ஆம்பியரை ரிலே ஒரு தடவை சேர்த்து ஒரு தடவை பிரிப்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். அரைகுறை வலுவில் படபடவென்று சேர்ந்து பிரிந்தால் ஒவ்வொரு தடவையும் முனையில் பொறி பறக்கும். முனைகள் கருகும், ஒருநாள் உருகி ஒட்டியே போய்விடும். ஒட்டிவிட்டால் நீங்கள் ஆஃப் செய்தாலும், டைமர் முடிந்தாலும், டிஸ்ப்ளே அணைந்தே போனாலும் ஹீட்டர் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அதற்குப் பிறகு உங்களுக்கும் தீக்கும் நடுவே நிற்பது சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்க உள்ளே இருக்கும் சூட்டுக் கட்அவுட் ஒன்றுதான்.

அதனால் முதலில் ஒரு சோதனை. திறக்க வேண்டாம், டூல் எதுவும் வேண்டாம். நன்றாக ஆறிய ஹீட்டரைப் பிளக்கில் போட்டு, ஸ்டாண்ட்பையில், அதாவது ஹீட் ஆன் செய்யாமல், பக்கத்திலேயே கால் மணி நேரம் இருங்கள். ரேடியேட்டர் கொஞ்சமாவது சூடேறினால் ரிலே ஒட்டிவிட்டது என்று பொருள். பிளக்கைக் கழற்றிவிட்டு நேரே ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள். சூடேறவில்லை என்றால் மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

சவுதியிலிருந்து வந்தது என்று சொன்னீர்கள். இதை நிறைய மெக்கானிக்குகள் கேட்பதே இல்லை. சவுதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. சூடாகிற காயிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கெப்பாசிட்டர் வழியாக வரும் கரண்ட் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-லிருந்து 50-க்கு வந்தால் ஆறில் ஒரு பங்கு குறையும். அதாவது, விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே உங்கள் போர்டு கொஞ்சம் பட்டினியோடுதான் ஓடத் தொடங்கியிருக்கலாம். குவைத், அமீரகம், கத்தார், ஓமன் என்று மற்ற இடங்களிலிருந்து வருகிற ஹீட்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கெல்லாம் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ்தான்.

பின்பக்க லேபிளைப் படியுங்கள். '220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் செய்தவர்கள் இரண்டையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். '60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் நான் சொன்ன கதை உங்களுக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட சில போர்டுகளில் டைமரும் லைனின் துடிப்பை எண்ணித்தான் ஓடும். ஒரு மணி நேரம் வைத்தால் 72 நிமிடம் கழித்து நிற்கும். அப்படி நடந்தது நினைவிருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்றையும் பாருங்கள். சவுதியில் முன்பு 127 வோல்ட் லைனும் இருந்தது. லேபிளில் 110 என்றோ 127 என்றோ இருந்தால் அதை நம் பிளக்கில் போடவே கூடாது. வாட் மூன்று மடங்குக்கு மேல் எகிறிவிடும். உங்களுடையது ஓடிக்கொண்டிருந்தது என்பதால் அதுவாக இருக்காது. ஆனால் இதைப் படிக்கிற வேறு யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று இருக்கலாம்.

சரி, எக்ஸ்2 கெப்பாசிட்டர் ஏன் சோர்கிறது? உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. லைனில் இடி மின்னல் சமயத்தில் வோல்டேஜ் குதித்தால் படலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி அந்த ஓட்டை தானே ஆறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு ஆறுதலுக்கும் விலையாகக் கொஞ்சம் உலோகம் போகிறது, அளவு கொஞ்சம் குறைகிறது. ஈரக்காற்று உள்ளே கசிந்தால் பூச்சு அரிக்கவும் தொடங்கும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம் நம்முடையது. ஐப்பசி மழையில் இடிக்கும் குறைவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கெப்பாசிட்டர் புதிது போலவே இருக்கும், வீங்காது, கருகாது. அதனால்தான் கண்ணால் பார்த்துவிட்டு 'போர்டில் ஒன்றுமில்லை, டிஸ்ப்ளேதான்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

மீட்டரில் பார்த்தால் ஒளிய முடியாது. கெப்பாசிட்டன்ஸ் பார்க்கிற மல்டிமீட்டர் வேண்டும். ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 0.47 என்று அச்சடித்ததில் (சிலவற்றில் 474 என்று இருக்கும், அதுவும் அதேதான்) 0.42-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். 0.3 என்று காட்டினால் உங்கள் 'டக் டக்'குக்கு வேறு காரணம் தேட வேண்டாம். மாற்றும்போது எக்ஸ்2 என்று போட்ட, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேலானதுதான் வேண்டும். '400 வோல்ட் டிசி' என்று போட்ட சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. ஓடும், ஆனால் லைனுக்கு நேரே நிற்க வேண்டிய இடத்தில் அதை வைக்கக்கூடாது. லேபிளில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் 0.47-க்குப் பதில் 0.56 போடலாம், சவுதியில் வந்துகொண்டிருந்த கரண்ட் ஏறக்குறைய அப்படியே இங்கே வந்துவிடும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மிஞ்சுகிற கரண்ட் எல்லாம் ஜீனர் தலையில் சூடாக இறங்கும்.

கூடவே அந்த உருளைக் கெப்பாசிட்டரையும் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் 470 மைக்ரோ, 16 அல்லது 25 வோல்ட் என்று இருக்கும். இதற்கு எதிரி சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. ஹீட்டரின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும் போர்டில் அது என்ன பாடு படும் என்று யோசியுங்கள். தலை வீங்கியிருந்தாலோ அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ முடிந்தது. புதிது 105 டிகிரி என்று போட்டதாக இருக்கட்டும்; 85 போட்டது வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து சாமான் செலவு ஒரு கட்டன் சாயா, பழம்பொரிக் கணக்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மிச்சம் கூலிதான்.

இதை நீங்களே செய்யலாமா என்றால், சால்டரிங் அயன் பிடித்துப் பழக்கம் இல்லாவிட்டால் வேண்டாம் என்பேன். காரணம் ஈயம் வைப்பது கஷ்டம் என்பதல்ல. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத போர்டில் '5 வோல்ட்' என்று எழுதியிருக்கிற இடமும் நேரே வீட்டு லைனோடு சேர்ந்தே இருக்கிறது. டிஸ்ப்ளேயின் கால், பட்டனுக்குப் பின்னால் இருக்கிற ஈயம், ரிமோட் கண்ணின் வயர் எல்லாமே தொட்டால் அடிக்கும். 'இது வெறும் டிஸ்ப்ளே போர்டுதானே' என்று கரண்ட் இருக்கும்போது விரலை வைக்கக்கூடாது. சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்வது மட்டும் போதாது. ஸ்விட்ச் லைனில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. பிளக்கையே உருவுங்கள். உருவிய பிறகும் எக்ஸ்2 கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். சில நிமிடம் விட்டு, மீட்டரில் டிசி வோல்டேஜ் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஒருவேளை சப்ளை சரியாக இருந்து எண்கள் மட்டும் அரைகுறை என்றால் அதைப் படிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது: மேலே, நடுவே, கீழே மூன்று படுக்கைக் கோடுகள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு நிற்கும் கோடுகள். பிளக்கைப் போட்ட உடனே பல மாடல்கள் எல்லாக் கோட்டையும் ஒரு நொடி ஏற்றிக் காட்டும், 88 என்று. அந்த நொடியைப் போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். இரண்டு எண்ணிலும் ஒரே கோடு இல்லை என்றால், உதாரணமாக இரண்டிலும் வலது மேல் கோடு மட்டும் இல்லை என்றால், எல்இடி போகவில்லை. அந்தக் கோட்டுக்குப் பொதுவாகப் போகிற வழியில் எங்கோ ஈயம் விட்டிருக்கிறது, அல்லது ரெசிஸ்டர் போயிருக்கிறது. ஒரு எண் முழுவதுமே இருட்டு, மற்றது ஒழுங்கு என்றால் அந்த எண்ணை ஏற்றுகிற டிரான்சிஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே எண்ணில் ஒரே ஒரு கோடு மட்டும் இல்லை என்றால்தான் எல்இடி தான் குற்றவாளி. அப்போதுதான் டிஸ்ப்ளேயை மாற்ற வேண்டும். அதுவும் பெரிய விஷயமில்லை. காலின் எண்ணிக்கையும் பொது முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் பொருந்தினால் பழைய போர்டிலிருந்து கழற்றியதைக்கூடப் போடலாம்.

கோடு போன டிஸ்ப்ளே பொய்யும் சொல்லும், கவனம். வலது மேல் கோடு போனால் 8 என்பது 6 ஆகத் தெரியும், 9 என்பது 5 ஆகும். நடுக்கோடு போனால் 8 என்பது 0. 28-ல் ஓடுகிற ஹீட்டரை 26 என்று நினைத்து இன்னும் இரண்டு டிகிரி ஏற்றிவிட்டுத் தூங்குவீர்கள். வயதானவர்கள் இருக்கிற அறையில் இது சின்ன விஷயமில்லை.

உங்கள் ஹீட்டரில் கறுப்பு எழுத்து, சாம்பல் பின்னணி என்றால் அது எல்சிடி. அதில் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒன்று இருக்கும், வரிக்குதிரை மாதிரி கோடு போட்டது. அதுதான் தொடர்பு. அழுக்கோ ஈரமோ ஏறினால் கோடுகள் காணாமல் போகும். கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஸ்க்ரூவைச் சமமாக இறுக்கினால் பல நேரம் திரும்பிவிடும். டிஸ்ப்ளேக்கு மேலே விரலால் மெதுவாக அழுத்தும்போது கோடு வந்து வந்து போனால் அதுதான் சங்கதி.

கடலோரம் என்பதால் உப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குறும்பனை, முட்டம், கடியப்பட்டணம் என்று கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான் ஹீட்டரின் இடுக்கு வழியாகப் போர்டிலும் படிகிறது. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கரையோரத்தில் ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். அதனால் போர்டில் படிந்த உப்புத் தூசி ராத்திரியில் உப்புத் தண்ணீர்ப் படலமாகிறது, வெயில் ஏறினால் மறுபடி உலர்கிறது. பகலில் ஒழுங்காக இருந்து, ராத்திரி மட்டும் டிஸ்ப்ளே பைத்தியம் பிடித்த மாதிரி எண்களை மாற்றினால், யாரும் தொடாமலே டச் பட்டன் 'பீப்' அடித்தால், காரணம் பேய் இல்லை, இந்தப் படலம்தான். திறந்து பார்த்தால் கனெக்டர் கால்களில் பச்சைக் களிம்பு நிற்கும். பழைய டூத் பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். துடைத்து முடித்ததும் போர்டுக்கென்றே விற்கிற காப்பு வார்னிஷை ஒரு பூச்சுப் பூசச் சொல்லலாம். கனெக்டர், பட்டன், ரிலே, ரிமோட் கண் இவற்றில் படாமல் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதையும் தடவிவிடாதீர்கள். சொல்லக் காரணம் இருக்கிறது. தடவிக்கொண்டு வந்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

உப்பு இன்னொரு வேலையும் செய்யும். அறையின் சூட்டை அளக்க ஒரு சின்ன சென்சார் இருக்கும், குன்றிமணியை விடச் சிறியது, இரண்டு வயரில் தொங்கும். பலவற்றில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. சூடு ஏற ஏற ஓம் குறையும். நம் ஊரில் 30 டிகிரி அறையில் அளந்தால் 8 கிலோ ஓம் பக்கம் இருக்க வேண்டும், விரல்களுக்கு நடுவே பிடித்தால் இன்னும் இறங்க வேண்டும். கனெக்டர் களிம்பு பிடித்தால் ஓம் கூடும். ஹீட்டர் 'அறை குளிராக இருக்கிறது' என்று நம்பி ஓயாமல் ஓடும். ஈரம் குறுக்கே பாலம் போட்டால் ஓம் குறையும். 'சூடாகிவிட்டது' என்று முன்கூட்டியே நின்றுவிடும். சென்சார் வயர் முழுக்க அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ பல மாடல்கள் ஈ1, ஈ2 என்று எழுத்துப் போட்டு நிறுத்திவிடும். எந்த எழுத்துக்கு எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

கோளாறே இல்லாமல் கோளாறு மாதிரி தெரிபவை சில உண்டு, உங்களுக்கு இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு உதவும். டிஸ்ப்ளே 77, 82 என்று காட்டினால் அது ஃபாரன்ஹீட். 77 என்பது 25 டிகிரி செல்சியஸ்தான், பட்டனைப் பிடித்து மாற்றலாம். கொஞ்ச நேரத்தில் தானே அணைந்து, தொட்டால் எரிந்தால் அது தூங்கும்போது கண் கூசாமலிருக்கும் ஏற்பாடு. பட்டன் எதுவும் வேலை செய்யாமல் பூட்டுப் படம் தெரிந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. மெத்தை விரிப்பின் மேலோ சரிவான தளத்திலோ வைத்தால் கவிழ்ந்துவிட்டதாக நினைத்து நிறுத்திக்கொள்ளும். அப்புறம் நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று: 20 டிகிரியில் வைத்துவிட்டு 'சூடே வரவில்லை, டிஸ்ப்ளே சரியில்லை' என்பார்கள். மார்கழி ராத்திரியில்கூடக் கரையோரத்தில் 22, 23-க்குக் கீழே போவது அபூர்வம். பாலமோர், கீரிப்பாறை எஸ்டேட் பக்கம் என்றால் கதை வேறு. குளச்சலில் 20-ல் வைத்த ஹீட்டர் சூடாகாமலிருப்பதுதான் ஒழுங்கு.

பிளக்கையும் ஒரு கண் பாருங்கள். சவுதிப் பொருளுக்கு மூன்று தட்டைக் காலுடன், உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த பிளக் வந்திருக்கும். அதை நம் சாக்கெட்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் போட்டிருப்பீர்கள். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய கன்வெர்ட்டர் ஹீட்டருக்கு ஆகாது. முன்பு ஓட்டியபோது கன்வெர்ட்டரின் பிளாஸ்டிக் உடம்பு கை சுடும் அளவுக்குச் சூடானதா? உள்ளே லூஸ். பிளக் லேசாக அசைந்தால் டிஸ்ப்ளே அணைந்து திரும்ப 88-லிருந்து தொடங்கியதா? அப்படியானால் போர்டைத் திறக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். வயர்மேனிடம் சொல்லி 16 ஆம்பியர் பிளக் டாப் போட்டு, 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள். பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். எர்த்தை விட்டுவிட்டு இரண்டு வயரை மட்டும் முறுக்குகிற வேலை வேண்டாம். உடம்பு முழுக்க இரும்பான ஹீட்டர் இது. பழைய பிளக்கோடு ஃபியூஸும் போய்விடுவதால் அந்த சாக்கெட்டுக்குத் தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) இருப்பது நல்லது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) இருந்தால் இன்னும் நிம்மதி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

இனி கடைக்காரரிடம் என்ன சொல்வது? 'டிஸ்ப்ளே போயிட்டு' என்று சொன்னால் அவர் டிஸ்ப்ளேயைத்தான் பார்ப்பார். 'ஸ்டாண்ட்பையில் பளிச்சென்று இருக்கு, ஹீட் போட்டா மங்குது, ரிலே துடிக்குது, சவுதி 60 ஹெர்ட்ஸ் செட்' என்று சொல்லுங்கள். எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் உருளைக் கெப்பாசிட்டரையும் மாற்றச் சொல்லுங்கள், ரிலேயின் முனை கருகியிருந்தால் ரிலேயையும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டிவி, இன்வெர்ட்டர் போர்டு பார்க்கிறவர் யாருக்கும் இது புரியும். இண்டக்‌ஷன் அடுப்பு போர்டு பார்க்கிறவர் என்றால் இன்னும் நல்லது. கம்பெனி ஸ்பேர் எதுவும் தேவைப்படாத வேலை. போர்டில் சின்ன டிரான்ஸ்ஃபார்மரோடு தனி பவர் ஐசி இருந்தால் அது எஸ்எம்பிஎஸ், செல்போன் சார்ஜரில் இருப்பது போன்ற சப்ளை வகை. அப்போது எக்ஸ்2 பற்றிச் சொன்னது பொருந்தாது, ஆனால் உருளைக் கெப்பாசிட்டரில் தொடங்குவது அங்கேயும் சரிதான்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். "போர்டைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துடலாம், ஸ்விட்ச் போட்டா சூடு வரும்" என்று யாராவது சொன்னால் ஹீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போர்டு உண்மையிலேயே திருத்த முடியாதபடி போயிருந்தால், திருகு வைத்த பைமெட்டல் தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு, சூட்டுக் கட்அவுட்டும் கவிழ்ந்தால் நிறுத்தும் ஸ்விட்சும் அப்படியே வழியில் இருக்கும்படி மாற்றித் தரக்கூடியவரிடம் கொடுங்கள். டிஸ்ப்ளே இருக்காது, ரிமோட் இருக்காது. ஆனால் சூடு தன் எல்லையில் நிற்கும். எண்ணெய் ரேடியேட்டர்களில் திருகு வைத்த மாடல்கள் எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகின்றன. கடற்கரை வீட்டுக்கு என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தம் என்றும் சொல்வேன்.

திரும்பி வந்ததும் முதல் ராத்திரி அம்மா அறையில் வைக்காதீர்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் ஓட்டி, ஹீட் ஏறும்போதும் நிற்கும்போதும் டிஸ்ப்ளே ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா, ரிலே ஒரே ஒரு 'டக்'கோடு முடிகிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போட்டு லைன் வோல்டேஜ் இறங்கும் நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் சப்ளைக்கு வரும் கரண்டும் அதே விகிதத்தில் குறையும், அரைகுறை ரிப்பேர் அப்போதுதான் வெளியே வரும். மழை முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே ஈரம் நிற்கும். பழைய பருத்தி வேட்டியால் மூடி, நிமிர்த்தியே வையுங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் போர்டும் காய்ந்துகொள்ளும்.